மூன்றாவது நிமிடத்தில் பிழைத்த கிணறு

ஞாயிறு காலை வெள்ளவத்தையில் நான் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது திருமதி பிலோமினா சூசைதாசனின் மகள் தொலைபேசியில் அழைத்தார். "அம்மா விடியப்புறம் போயிட்டா, அங்கிள். நீங்கள் எழுதுவீங்கள் எண்டு சொன்னவ." மேலே ஏறவும் மனமில்லை, கீழே இறங்கவும் மனமில்லை. என்ன எழுத வேண்டும் என்பதையும் அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து, பிறகு கொட்டாஞ்சேனை மக்களால் மாநகர சபைக்குத் தெரிவானவர் பிலோமினா அம்மையார். நான் அப்போது சபைக் கூட்டங்களைப் பத்திரிகைக்கு எழுதும் நிருபர். வரவுசெலவு விவாதம் வரும்போதெல்லாம் அவர் ஒரே பிரேரணையைக் கொண்டுவந்தார்: சிறுவீடுகள் நெருங்கிய ஒரு தோட்டத்துச் சனங்கள் தண்ணீர் அள்ளும் பழைய கிணற்றைப் பாதுகாக்கவும், பக்கத்து வெறுங்காணியைச் சிறுவர் பூங்காவுடன் சேர்க்கவும் நிதி ஒதுக்க வேண்டும். கிணறு சபைக்குச் சொந்தமில்லை என்றார்கள். சொந்தம் என்று நிரூபித்தார். அடுத்த வருடம், அங்கே கிணறே இல்லை என்றார்கள். ஒரு போத்தலில் அதன் தண்ணீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஓர் உறுப்பினர் தவறுதலாக எடுத்துக் குடித்துவிட்டு இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. பிரேரணைக்கு அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது, ஆயினும் தோற்றது. லொறிகள் வைத்திருந்த இன்னோர் உறுப்பினருக்கு அந்தக் காணியில் கண்.

எங்கள் சபையில் பிரேரணையை ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். அனுதாபத் தீர்மானத்துக்கும் எழுந்து நிற்பார்கள். இறந்தவரின் குடும்பம் அமரும்வரை எவரும் அமர்வதில்லை. ஒரு வருடம் வரவுசெலவுக் கூட்டத்தன்று, காலமான ஒரு முன்னாள் உறுப்பினருக்கு இரண்டு நிமிட மௌனம். அது முடிந்தும், பார்வையாளர் பகுதியில் அவருடைய மனைவி கைப்பையைத் தேடிக்கொண்டு நின்றார். தலைமை வகித்தவருக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போகிற அவசரம். அடுத்ததாக இருந்த கிணற்றுப் பிரேரணையை வாசித்து, ஆதரிப்பவர்களை எழச் சொன்னார். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். செயலாளர் 'ஏகமனதாக' என்று எழுதிக்கொண்டார்.

பிலோமினா அம்மையார் வாய் திறக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். "தம்பி, நீங்கள் ஒண்டும் காணேல்லைத்தானே?"

"நான் கண்ணாடி துடைச்சுக்கொண்டிருந்தனான், அக்கா."

கூட்டக் குறிப்பு அடுத்த கூட்டத்தில் உறுதியாகும்வரை ஒரு மாதம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அலுவல் எதுவுமின்றி கிராண்ட்பாஸ் வரை நடந்து திரும்புவார். தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்து இதைச் சொன்னபோது, கிணற்றை எப்போது துப்புரவாக்குவார்கள் என்றுதான் பங்குச் சுவாமி கேட்டாராம். அது அவரை இன்னும் கலக்கியது.

அடுத்த கூட்டத்தில் லொறிக்காரர் எழுந்தார். தாங்கள் நின்றது காலஞ்சென்றவருக்காக மட்டுமே என்று சிங்களத்தில் ஆட்சேபித்தார். அம்மையாரும் சிங்களத்திலேயே அமைதியாகக் கேட்டார்: மரியாதை இரண்டு நிமிடம், மூன்றாவது நிமிடம் யாருக்காக நின்றீர்கள்? சபைக்கு நன்றி சொல்ல, காலஞ்சென்றவரின் மனைவி அன்றும் வந்திருந்தார். கைப்பை தேடி அந்த அம்மா சுணங்கியதால்தான் நின்றோம் என்று அவர் முகத்துக்கு நேரே எவரால் சொல்ல முடியும்? லொறிக்காரர் அமர்ந்தார். நிதி வந்தது. கிணற்றுக்குச் சுற்றுச்சுவரும் இரும்பு வலையும் வந்தன, அதில் கசிந்த சாக்கடை திசைமாறியது, காணியில் ஊஞ்சல்கள் ஆடின.

சென்ற வருடம் படுக்கையில் இருந்தவரைப் பார்க்கப் போனேன். "நான் செத்தாப்பிறகு நடந்ததை அப்பிடியே எழுதுங்கோ," என்றார். இப்போது லொறிக்காரரின் மகன் சபையில் இருக்கிறார், உண்மை தெரிந்தால் காணியைத் திரும்பக் கேட்பார்கள் என்றேன்.

"கேக்கட்டும். இந்த முறை யோசிச்சு வாக்குப் போடட்டும். களவா எடுத்ததைக் களவு எண்டு சொல்லாமல், மேல போய் நான் என்னத்தைச் சொல்லுறது?" பிறகு சிரித்தார். "நல்லதா மட்டும் எழுதினா ஒருத்தரும் வாசிக்கமாட்டினம், தம்பி."

நேற்று அடக்கம் முடிந்து அந்தப் பூங்காவுக்குப் போனேன். கிணற்றடியில் வாளியுடன் நின்ற பெண், நான் சபையிலிருந்து வந்தவனா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப ஏன் கிணத்தை இப்பிடிப் பாக்கிறீங்கள்?"

அவருடைய வாளியை வாங்கி ஒருமுறை தண்ணீர் அள்ளிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிலோமினா அக்கா, நீங்கள் கேட்டபடி எழுதிவிட்டேன். நிம்மதியாகத் துயிலுங்கள், நம் இருவரில் ஒருவருக்காவது அது வாய்க்கட்டும்.