தரவையில் கீறிய விண்கப்பல்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என்னிடம் ஒரு விண்கப்பல் இருந்தது. அதன் நீளம் எவ்வளவு என்பதில்தான் எங்கள் வீட்டில் ஒற்றுமை இருக்கவில்லை.

கப்பல் ஒரு பழைய மடிக்கணினிக்குள் இருந்தது. விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்த பெரியம்மாவின் மகன், திரும்பிப் போகும்போது பெட்டியின் பாரம் கூடிவிட்டதென்று அந்தக் கணினியை என்னிடம் விட்டுப் போனார். அதற்குள் ஒரு விளையாட்டு. சதுரத் துண்டுகளைப் பொருத்திப் பொருத்தி விண்கப்பல் கட்ட வேண்டும். கட்டி முடிந்தால் அதில் ஏறிப் பக்கத்துக் கிரகங்களுக்குப் போகலாம், வேண்டுமானால் சண்டையும் பிடிக்கலாம் என்று அண்ணை காட்டித் தந்தார். எனக்குச் சண்டையிலும் பறப்பிலும் நாட்டம் வரவில்லை. கட்டுவதில்தான் ஆசை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் மின்சாரம் போகும்வரை கட்டுவேன்.

வீட்டில் எல்லோருக்கும் கப்பலைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. ஓட்டுகிற அறை மூக்கிலும் சமைக்கிற குசினி வாலிலும் இருப்பதைப் பார்த்த அம்மா, ஓட்டுகிறவனுக்குக் கொண்டுபோவதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும் என்றார். எங்களோடு இருந்த மாமி, அப்பாவின் அக்கா, கக்கூஸ் எங்கே என்று கேட்டார். நான் அதை மறந்திருந்தேன். அவசரமாகக் குசினிக்குப் பக்கத்தில் ஒன்றைக் கட்டினேன். குசினிக்குப் பக்கத்தில் கூடாது என்று மாமி சொன்னதால் அதைத் தூக்கி மூக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பா அதிகம் கதைக்காதவர். ஒருநாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நெடுநேரம் பார்த்துவிட்டு, "கிணறு எங்கை பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

மாமாவின் கருத்துகள் மட்டும் தொழில்நுட்பம் சார்ந்தவை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கம்பஸில் படித்து முடித்துவிட்டு அரசாங்க வேலைக்குக் காத்திருந்தார். காத்திருக்கும் காலத்தில் எங்கள் வீட்டில் தங்கி, ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளராகவும் இருந்தார். விண்வெளியில் காற்றே இல்லாதபோது கப்பலுக்குக் கூரான மூக்கு எதற்கு என்று அவர் கேட்பார். பார்க்க வடிவாக இருக்கத்தான் என்று நான் சொல்வேன். உடனே வாலைப் பற்றிக் கேட்கத் தொடங்குவார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கப்பலின் படத்தை மாமாவின் போனில் எடுத்துக் கனடா அண்ணைக்கு அனுப்பினேன். அவர் தன் கப்பலின் படத்தை அனுப்பினார். கூடவே குரலிலும் ஒரு செய்தி வந்தது. "தங்கச்சி, உன்ரை கப்பல் என்ரை கப்பலின்ரை கராச்சுக்குள்ளை நிக்கும்."

என் முழுக் கப்பலும் அவருடைய கப்பலின் வண்டிக் கொட்டகைக்குள் அடங்கிவிடுமாம். அன்று நான் சாப்பிடவில்லை. மாமாவுக்கும் ரோசம் வந்துவிட்டது. என் கப்பல் உண்மையில் எவ்வளவு பெரிது என்று கணக்குப் பார்ப்போம் என்றார். விளையாட்டில் தலைக்கவசம் போட்ட ஒரு மனிதன் கப்பல் கதவருகில் நிற்பான். அரிசிமணி அளவுதான் இருப்பான். மாமா அடிமட்டத்தைத் திரையில் வைத்து முதலில் அவனை அளந்தார், பிறகு திரையை நகர்த்தி நகர்த்திக் கப்பலை அளந்தார். மனிதன் ஆறடி என்று வைத்தால் கப்பல் எங்கள் வீட்டுப் படலை வாசலிலிருந்து சந்திக் கடையைத் தாண்டிப் போகும் என்று அறிவித்தார். குசினிக்குள்ளிருந்து அம்மா, எங்கள் ஆட்களில் ஆறடி ஆள் யார் என்று கேட்டார். மாமா தன்னுடைய உயரத்தை வைத்துத் திரும்பக் கணக்குப் பார்த்தார். கப்பல் சந்திக் கடைக்கு இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. நான் அழத் தொடங்கினேன். மனிதனை மறுபடியும் ஆறடியாக்கிய பிறகுதான் வீட்டில் அமைதி திரும்பியது.

ஆனால் கணக்கு மட்டும் எனக்குக் காணாது. கண்ணால் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கரவெட்டிப் பக்கம் தெரிந்தவர்களுக்குத் தரவை என்றால் தெரியும். மரமில்லாமல் புல்லும் உப்புமண்ணுமாகக் கிடக்கும் வெளி. எங்கள் ஊருக்குப் பின்னாலும் ஒரு தரவை உண்டு. அங்கே கப்பலை உள்ளபடியே கீறிப் பார்க்கலாம் என்று சொன்னவர் மாமாதான். விளையாட்டுப் போட்டிக்கு வாங்கி மிஞ்சிய சுண்ணாம்புத் தூள் மூட்டைகள் எங்கள் கொட்டிலில்தான் கிடந்தன.

பண்டத்தரிப்பில் ஒரு கலியாணம் வந்தது. பெண் வீட்டார் எங்கள் ஊரில் ஒருவரையும் விடாமல் அழைத்ததால் காலையிலேயே ஊர் காலியாகிவிட்டது. எனக்கு இருமல். என்னைப் பார்த்துக்கொள்ள மாமா நின்றார். கலியாண வீடுகளில் வேலை கிடைத்துவிட்டதா என்று எல்லோரும் கேட்பார்கள் என்பதால் என்னுடைய இருமல் அவருக்கு நல்ல உதவியாக இருந்தது.

எங்கள் வேலியில் வெட்டிய கதியால் தடிகள், அலவாங்கு, ஒரு சுருள் தும்புக் கயிறு, சுண்ணாம்பு மூட்டைகள் எல்லாவற்றையும் கைவண்டிலில் ஏற்றிக்கொண்டு போனோம். மாமா அலவாங்கால் குழி போட்டுக் கதியாலை நட, நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்த மூலைக்கு ஓடுவேன். கயிற்றின் வழியே அவர் சுண்ணாம்பைத் தூவுவார். மாடுகள் மிதிக்காமலிருக்க ஒவ்வொரு கதியாலிலும் மாமியின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினோம்.

வேலை நடுவில் இரண்டு சிக்கல்கள் வந்தன. தரவை நடுவில், அங்கே இருந்த ஒரே மரமான பூவரசின் கீழ் சின்னதாக ஒரு வைரவர் கோயில். அது நேரே கப்பலுக்குள் வந்துவிட்டது. மாமா யோசித்துவிட்டு, எஞ்சின் அறைக்குக் காவலாக இருக்கட்டும் என்றார். அடுத்தது வால். தரவை முடிந்த பிறகும் வால் முடியவில்லை. அங்கே ஒருவருடைய வெங்காயத் தோட்டம். வாலைக் கொஞ்சம் குறைப்போமா என்று மாமா கேட்டார். கனடா அண்ணையின் கராச்சை நினைத்து நான் மாட்டேன் என்றேன். நாலு கதியால் வெங்காயப் பாத்திக்குள் இறங்கியது.

எல்லாம் முடிந்தபின் நான் ஓட்டுகிற அறையில் நின்றேன். மாமா குசினிக்குப் போனார். போய்க்கொண்டே இருந்தார். அங்கே சேர்ந்தபோது உண்மையிலேயே அரிசிமணி அளவில்தான் தெரிந்தார். தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன், கேட்கவில்லை. அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று அப்போது விளங்கியது. கணினியில் ஒரு விரலால் தாண்டிய தூரம் அது. நான் கட்டிய ஒன்றுக்குள் நானே இவ்வளவு சின்னதாக நிற்பது எனக்குப் பயமாகவும் பெருமையாகவும் இருந்தது. கலியாணத்துக்குப் போனவர்கள் இருட்டிய பிறகுதான் திரும்பினார்கள். களைப்பில் நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் விடியற்காலையில் தரவைக்கு மாடு கொண்டுபோன ஊர் அண்ணை ஒருவர்தான் முதலில் கண்டார். மாடுகளை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடிவந்தாராம். நான் பல்லு விளக்கிக்கொண்டு படலைக்கு வந்தபோது ஊர் முழுவதும் தரவைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. என் கப்பலைப் பார்க்கத்தான் போகிறார்கள் என்று நினைத்து நானும் ஓடினேன்.

கட்டைகள், சிவப்புத் துணி, வெள்ளைக் கோடு. எங்கள் ஊரார் இவற்றை முன்பே வேறு இடங்களில் பார்த்திருந்தார்கள். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியும், இப்படி ஆமி கட்டை நட்டு எடுத்த காணிகள் சில ஊர்களில் இன்னும் திரும்பி வரவில்லை. அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்குக் கதியால் என்றால் வேலி, அவ்வளவுதான்.

முகாம் வரப்போகிறது என்று ஒருவர் சொன்னார். ஹோட்டல் என்றார் இன்னொருவர். நேற்றுப் பின்னேரம் நிலம் அளக்கிற மூன்று கால் கருவியோடு ஆறேழு பேர் நின்றதைத் தான் கண்டதாக ஒருவர் சொன்னார். அவர் நேற்றுக் கலியாண வீட்டில் எங்கள் மாமிக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவர். வெங்காயத் தோட்டக்காரர் பாத்தியில் குந்தியிருந்தார். வைரவரையும் கோட்டுக்குள் எடுத்துவிட்டார்கள் என்பதுதான் எல்லோரையும் அதிகமாகச் சுட்டது. ஊருக்கு அரசாங்க அதிகாரியான விதானையாருக்குச் சொல்லி அவரும் மோட்டார் சைக்கிளில் வந்தார். தனக்கு ஒரு அறிவித்தலும் வரவில்லை என்று சத்தியம் பண்ணினார். அவருக்கே தெரியாமல் செய்கிறார்கள் என்றால் விஷயம் பெரியது என்று ஊர் முடிவெடுத்தது.

நான் மாட்டுக்கார அண்ணையின் கையைப் பிடித்து, அது கப்பல் என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "கப்பல் விடப்போகினமாம்" என்றார். கடல் இல்லாத இடத்தில் எப்படி என்று யாரோ கேட்க, தொண்டைமானாற்றை வெட்டி இங்கே கொண்டுவரப் போகிறார்கள் என்று இன்னொருவர் விளக்கினார். அரை மணித்தியாலத்துக்குள் எங்கள் ஊருக்குத் துறைமுகம் வந்துவிட்டது.

மாமாவைத் தேடினேன். அவர் கூட்டத்தின் நடுவில் வெளிறிப்போய் நின்றார். அப்படியொன்றும் இருக்காது, பதற வேண்டாம் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். இந்த நேரத்திலும் இவ்வளவு நிதானமாக இருக்கிறாரே என்று ஊருக்கு அவர்மீது மதிப்பு வந்துவிட்டது. படித்தவர், இங்கிலிஷ் தெரிந்தவர், கழகத்தின் செயலாளர். அவரே பேச வேண்டும் என்றார்கள். கழகத்துக் கதிரைகள் வந்தன, ஒலிபெருக்கி வந்தது. நான் அவருடைய சேட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன். "கொஞ்சம் பொறு பிள்ளை, நான் பதமாச் சொல்லுறன்" என்று போனை என் கையில் தந்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

பதமாகச் சொல்லத்தான் தொடங்கினார். ஆனால் முதல் வசனத்துக்கே கை தட்டினார்கள். வேலைக்காகக் காத்திருந்த அத்தனை வருடங்களில் அவருக்கு யாரும் கை தட்டியதில்லை. இரண்டாவது வசனத்தில் குரல் உயர்ந்தது. மூன்றாவதில், எங்கள் மண்ணில் ஒரு கட்டைகூட நிற்க விடமாட்டோம் என்றார். எங்கள் கப்பலின்மீது அவருக்கு இவ்வளவு கோபம் இருந்ததை நான் அன்றுதான் அறிந்தேன்.

இதற்கிடையில் கழகத்துப் பெடியன் ஒருவன் தண்ணீர்த் தாங்கியில் ஏறி மேலிருந்து படம் எடுத்து முகநூலில் போட்டிருந்தான். உலகம் பார்க்கட்டும் என்று போட்டது. கனடா அண்ணையும் பார்த்துவிட்டார்.

என் கையிலிருந்த போன் அடித்தது. அந்தப் போனில் காதோடு வைத்துக் கேட்க முடியாது, ஒலிபெருக்கிச் சத்தம் மட்டும்தான் வேலை செய்யும். நான் மைக்குக்குப் பக்கத்தில் நின்றபடியே அழுத்தி ஹலோ சொன்னேன்.

"தங்கச்சி, உது உன்ரை கப்பலெல்லோ? மூக்கும் வாலும் அப்பிடியே கிடக்கு. உவ்வளவு பெரிசே அது?"

தரவை முழுவதும் அது கேட்டது. மாமாவின் பேச்சு நின்றுவிட்டது. எனக்கு அவ்வளவு நாளும் இருந்த கவலை அந்த நொடியில் தீர்ந்தது.

"ஓம் அண்ணை" என்றேன் மைக்கில். "குசினிதான் கொஞ்சம் தூரமாப் போச்சு."

முதலில் வாயைத் திறந்தவர் விதானையார். என்னைக் கிட்டக் கூப்பிட்டு, இதில் குசினி எது என்று மரியாதையாகக் கேட்டார். நான் அவருக்குக் காட்டினேன். கட்டில் அறைகள், தண்ணீர்த் தொட்டி, மாமி சொன்னபடி தள்ளிக் கட்டிய கக்கூஸ், வைரவரின் எஞ்சின் அறை. அவர் என் பின்னால் நடந்தார், அவருக்குப் பின்னால் ஊர் நடந்தது. வாலுக்கு வந்து சேர்ந்தபோது வெங்காயத் தோட்டக்காரர், குசினிக்குக் கிட்டவே வெங்காயம் இருப்பது நல்ல வசதி என்றார். அதோடு மாட்டுக்கார அண்ணை சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். அம்மா மட்டும் "தம்பி" என்று ஒரு சொல் சொன்னார். மாமா மைக்கை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். அதன் பிறகு எந்தக் கலியாண வீட்டிலும் யாரும் அவரிடம் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. கப்பல் எப்ப வெளிக்கிடுது என்றுதான் கேட்டார்கள்.

நான் இவ்வளவோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் சிரித்து முடிந்ததும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ஆண்கள் கதியால்களைப் பிடுங்கத் தொடங்கினார்கள். பெண்கள் வீடுகளுக்குப் போய் விளக்குமாறுகளோடு வந்தார்கள். முழங்கால் வலியால் குனிய மாட்டாத மாமி, செருப்புக்காலால் கோட்டைத் தேய்த்துக்கொண்டே போனார்.

ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது விட்டுவையுங்கள் என்று நான் அப்பாவிடம் கெஞ்சினேன். இது விளையாட்டென்று இப்போது எல்லோருக்கும் தெரியும்தானே என்றேன்.

"தெரியும் பிள்ளை" என்றார் அப்பா. "விளையாட்டெண்டு தெரியும்."

சொல்லிவிட்டுத் தொடர்ந்து கூட்டினார். அவர் பிறந்த வீடு வலிகாமத்தில், ஆமியின் முள்ளுக்கம்பி வேலிக்கு அப்பால் இருந்தது. அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. கதியால் பிடுங்கிய ஒவ்வொரு குழியையும் அவர் மண்போட்டு நிரப்பி, காலால் மிதித்து, குனிந்து கையாலும் தடவிப் பார்த்தார். சுண்ணாம்பு கண்ணுக்கே தெரியாமல் போன இடத்தையும் திரும்பக் கூட்டினார். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் தூரத்தில் நின்று அழுதேன். வானம் மூடிக் கருத்துக்கொண்டு வந்தது. வெறும் சுண்ணாம்புதானே, ஒரு மழைக்குத் தானாகப் போய்விடும் என்று எனக்கே தெரிந்திருந்தது. இவ்வளவு பெரிய ஆட்களுக்கு அது எப்படித் தெரியாமல் போனது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.