தாழ்ப்பாளுக்கு அந்தப் பக்கம் அப்பா

அம்மா போன பிறகு அப்பா ஆரணி வீட்டில் தனியாகத்தான் இருந்தார். நான் கண்ணமங்கலத்தில், தம்பி செய்யாரில். போனில் அவர் குரல் கணீரென்று இருக்கும். எங்கள் இருவருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லாமல் போய்க் கதவைத் தட்டினேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"யாரு?"

"நான்தாம்பா."

"வந்துட்டேம்மா, இரு."

நடக்கும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. மறுபடி தட்டினேன்.

"தொறந்துகினுதான்மா இருக்கேன்."

குரல் கதவருகே இல்லை, எங்கேயோ தள்ளி இருந்தது. கூடவே தீய்ந்த வாசனை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அப்பா எனக்கு முதுகைக் காட்டியபடி பீரோவின் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

"அப்பா, இந்தப் பக்கம்! அடுப்ப அணைங்க!"

திரும்பியவர், யாரோ வெளியாளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "கதவ யாரோ மாத்திட்டாங்க" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. அந்த வீட்டு அண்ணன் ஓடிவந்து கடப்பாரையால் பின்கதவை நெம்பினார். பால் பாத்திரம் கருகிக் கிடந்தது. அடுப்போரத் துணியில் தீ பற்றியிருந்தது. குடத்துத் தண்ணீரை அப்படியே கொட்டினோம்.

"ரெண்டு மாசமாவே ஒரு மாதிரியாத்தாம்மா இருக்காரு" என்றார் அண்ணன். "சாப்ட்டீங்களான்னு கேட்டா ஆச்சுன்றாரு. தட்டு வெச்சா, பசியில அள்ளி அள்ளி சாப்புடறாரு."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பார்த்தேன், தோளெலும்பு சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு நின்றது.

"என்னாத்துக்கும்மா பின்கதவ ஒடைச்சீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை. தீயைப் பார்த்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

மதியம் தம்பி வந்தான். "போன்ல நல்லாத்தானே..." என்று ஆரம்பித்தவன், அப்பாவைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். இரவில் அவன் வந்து தங்குவது, பகலுக்குத் தெருவிலிருந்தே ஒரு அம்மாவை அமர்த்துவது என்று முடிவானது.

"வேலைக்கு ஆள் வெச்சா நான் எங்கனா பூடுவேன்" என்று அப்பா கத்தினார்.

முதல் நாள் அந்த அம்மா சமைத்ததை அப்பா தொடவேயில்லை. மறுநாள் "உப்பு கம்மி" என்று சொல்லிக்கொண்டே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் பஸ் ஏறினேன்.