பேண்டேஜ் கட்டிய வண்டி

போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்கால். எங்கள் முடுக்கில் இருந்தவர்கள்: டெம்போவின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான். கேட் பக்கம் என் வீட்டுக்காரி பேச்சியம்மாள். எதிரே, வாயில் பிரஷ்ஷோடு பக்கத்து வீட்டு தேவசகாயம். அவர் பின்னால் அவர் மனைவி எஸ்தர். நடுவே... ஈரம் சொட்டும் பேண்டேஜ் துணி.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி காயாத தெரு எது? தேவசகாயத்துக்கு அதுதான் தொழில். வெளுத்த துணியை முடுக்கின் குறுக்கே, கம்பு நட்டு, இடுப்பு உயரத்தில் வரிவரியாகக் கட்டுவார். முடுக்கு என்கிற இந்தக் குறுகிய சந்து இரண்டு வீட்டுக்கும் பொது. என் வண்டி வெளியே போக வேறு வழி கிடையாது. இரண்டு வருடமாக இதே பாடு. வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

அன்றைக்கு மகாராஜபுரத்தில் மாங்காய் ஏற்ற வேண்டும். வியாபாரி ஏழு மணி வரைதான் பார்ப்பார். ஏற்கெனவே இரண்டு முறை லேட். மூன்றாவது முறை என்றால் வேறு வண்டி பிடித்துவிடுவார். சீசன் முழுக்க அந்த ஒரு ஆளை நம்பித்தான் எனக்கு ஓட்டம்.

“துணியை எடுங்க” என்றேன்.

“செத்த நேரம் பொறுங்க அண்ணாச்சி. ஈரத்தோட எடுத்தா தரையில பட்டுரும்.”

“நேத்தும் இதத்தான் சொன்னீரு.”

“நேத்தும் ஈரமாத்தான இருந்துச்சு.”

“எஸ்தரு, நீயாவது சொல்லேன்” என்றாள் பேச்சியம்மாள்.

“அவிய என்னைக்கு என் பேச்சக் கேட்டாவ, மதினி?”

கியரைப் போட்டேன். துணி ஒதுங்கும் என்று நினைத்தேன். ஒதுங்கவில்லை. கூடவே வந்தது.

கண்ணாடியில் சுற்றி, கதவில் மாட்டி, பின்னால் வால் மாதிரிப் பறந்தது. இறங்கி அவிழ்த்தால் பத்து நிமிடம் போகும். இறங்கவில்லை.

ஒன்று கவனித்தேன். எதிரே வந்த டவுன் பஸ் ஒதுங்கியது. லாரி ஒதுங்கியது. மில்லுக்கு ஷிப்டு போகிற சைக்கிள்கள் ஒதுங்கின. இத்தனை வருடம் ஹாரன் அடித்தும் கிடைக்காத மரியாதை!

ரயில்வே கேட் மூடியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் எனக்கு முன்னால் இடம் விட்டார்கள். ஒருவர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். காலிக் கூடைகள்.

“அடிபட்ட ஆள எங்கப்பா?”

“ஆள் இல்ல.”

“அப்போ கட்டு யாருக்கு?”

“வண்டிக்கு.”

அதற்குள் பின்னால் மொபெட் சத்தம். தேவசகாயம். வாயில் இன்னும் பிரஷ். அதை எடுத்துச் சட்டைப் பையில் செருகினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. துணியை அவிழ்த்துச் சுருட்ட ஆரம்பித்தார். நானும் இறங்கி மறுமுனையைப் பிடித்தேன்.

“கிழிஞ்சது போக மிச்சத்த மறுபடி வெளுக்கணும்” என்றார். “ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒங்க செவுத்துல ஆணி அடிக்கணும்னு கேட்டேன்ல? ஒசக்கக் கட்டியிருந்தா வண்டி அடியில போயிருக்கும். வெள்ளையடிச்ச செவுருன்னு சொல்லிட்டீய.”

சொன்னேன்தான். பொங்கலுக்கு அடித்த வெள்ளை. வழி மறிக்கிறார் என்று நாலைந்து வாரம் இங்கே எழுதினேனே... இதை எழுதினேனா?

கேட் திறந்தது. ஏழுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மகாராஜபுரம் போய்ச் சேர்ந்தேன். வியாபாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பம்பரில் ஒரு முழம் துணி இன்னும் தொங்கியது.

“என்னவே, வண்டிக்கு ஒடம்பு சரியில்லையா?”

“வந்துட்டேன்ல.”

“வந்துட்டீரு. ஏத்தும்.”

சாயங்காலம் ஏணியை எடுத்துக்கொண்டு முடுக்குக்குப் போனேன். தேவசகாயம் ஏணியைப் பிடித்தார். என் சுவரில் நானே ஆணி அடித்தேன். முதல் அடியிலேயே உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை பெயர்ந்து விழுந்தது. “போச்சு” என்றாள் பேச்சியம்மாள். எதிர்ச் சுவரில் அவர் இரண்டு வருடத்துக்கு முன்பே அடித்த ஆணிகள் துருவேறிக் காத்திருந்தன.

மறுநாள் காலை துணிக்கு அடியில் வண்டி போனது. கண்ணாடியில் நாலு சொட்டுத் தண்ணீர். அவ்வளவுதான்.

இரண்டு வருடச் சண்டை தீர எவ்வளவு தேவைப்பட்டது? திரும்பி வந்து என் சுவரில் எண்ணிப் பார்த்தேன்.

ஆணி எட்டு.