மீசைக்கு டை அடித்த முதலாளி

குழாய் ரிப்பேர்காரர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் மீசைக்கு டை அடித்தார். லைசென்ஸ் இல்லாமல் ஆன்லைன் சூதாட்டம் நடத்திய தங்கை புருஷன், கிரிப்டோ கணக்கு தொடங்க அவர் முகம் வேண்டுமென்று செல்போனை நீட்டிய நாள் அது.

"தலைய இடது பக்கம் திருப்புங்க மச்சான். இப்ப வலது பக்கம். அவ்வளவுதான், இனிமே நீங்கதான் முதலாளி."

"போலீஸ் கீலீஸ்னு வந்தா?"

"கிரிப்டோவுல பணம் யார்கிட்ட போச்சுன்னு ஒருத்தராலயும் கண்டுபிடிக்க முடியாது."

சுவரில் படிந்த ஈரத்தை வைத்தே ஒழுகும் குழாயைக் கண்டுபிடிக்கிற மனுஷன், இதை அப்படியே நம்பினார். முதலாளி என்ற சொல் அவரை அந்தப் பாடு படுத்தியது.

சில மாதம் கழித்து போலீஸ் கூப்பிட்டபோது, ஒவ்வொரு பரிமாற்றமும் அழியாமல் பதிவாகியிருந்ததை விசாரணை அதிகாரி திரையில் காட்டினார். தடமெல்லாம் ஒரே கணக்கில் போய் முடிந்தது. கணக்குக்குரியவரின் படத்தில் மீசை கருகருவென்று இருந்தது.

"இது நீங்கதானே?"

"ஆமாங்க மேடம். டை கொஞ்சம் தூக்கலாயிடுச்சு."

"நடத்தினதெல்லாம் தங்கச்சி வீட்டுக்காரர்னு சொல்றீங்க. அவர் பேரோ படமோ இதுல எங்கயும் இல்லையே. கேஸ் உங்க மேலதான் வரும்."

அவர் நரைத்த மீசையைத் தடவிக்கொண்டார்.

"அவருக்கு போட்டோன்னாலே கூச்சம், மேடம்."