பூங்காவனம் அக்காவுக்குப் பிடிக்காத நாவல்

ஞாயிற்றுக்கிழமை காலை அம்பாங்கான் காய்கறிப் பாசாரில் கீரைக்கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பூங்காவனம் அக்காவின் எண். அவர் காலையில் அழைக்கிறவர் இல்லை. ஞாயிறு மாலையில், ஜொகூரிலிருந்து மகள் பேசி முடித்த பிறகுதான் என்னிடம் வருவார். "என்னக்கா, இன்னிக்கு ஆட்டம் சீக்கிரமே ஆரம்பமா?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் வேறு குரல். "மிஸ்ஸியா? நான் கலா பேசுறேன். சின்னம்மா தவறிட்டாங்க."

கலா என்ற பெயரை எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டிருக்கிறேன். குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வெள்ளிக்கிழமை மூச்சுத் திணறல் வந்து அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கலா ஓடி வந்தபோதே அவருக்கு நினைவில்லை. "போன்ல உங்க பேருதான் நெறைய இருந்திச்சு, அதான் கூப்பிட்டேன். நாளைக்குக் காலையில எடுக்கிறோம்" என்றாள். கீரைக்காரர், "வேணுமா வேணாமாலா?" என்று கேட்டார். வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நம் வாசகர் வட்டத்தின் வாட்சப் குழுவில் செய்தியைப் போட்டேன். முதல் பதில், "எந்தப் பூங்காவனம்? முறுக்கு கொண்டாருவாங்களே, அந்த ஆன்ட்டியா?" பிறகு கை கூப்பிய படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. என் நாவல்கள் வெளிவரும்போதும் இதே கைகள்தான் வரும். கூடவே "அருமை" என்று ஒரு சொல் வந்தால் அன்றைக்குப் பண்டிகை. ஆமாம், முறுக்கு கொண்டுவந்தவர்தான். ஆனால் அந்த முறுக்கைத் தின்ற உங்களுக்கு அவர் யார் என்று தெரியாமல் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

லோபாக்கில், தையல் கடைக்கு மேலே இருக்கும் நம் அறையில் என் மூன்றாவது நாவலைப் பேச எடுத்துக்கொண்ட நாள் சிலருக்கு நினைவிருக்கும். எல்லோரும் சிறு வயதில் ஏதோ ஒரு வடிவத்தில் கேட்ட கதைதான் அது. தாயில்லாப் பெண், கொடுமைக்காரச் சின்னம்மா, வீட்டுக்குப் பின்னால் ஒரு மரம். செத்துப்போன தாய்தான் அந்த மரமாக நிற்கிறாள். சின்னம்மா அதை வெட்டிப்போடுவாள், கடைசியில் ராஜா வந்து பெண்ணைக் கூட்டிப்போவான். நான் ராஜாவைத் தூக்கிவிட்டு, கதையை ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு லயத்துக்குக் கொண்டுவந்து, சின்னம்மாவை நல்லவளாக்கியிருந்தேன். என் சின்னம்மா வந்த முதல் நாளே பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுவாள், மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவாள், ஊர்தான் அவளைத் தப்பாகப் பேசும். எழுதி முடித்த அன்று நானே அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு வாசகர் கருத்துகள் வழக்கம்போல வந்தன. பல்கலைக்கழக மாணவி ஒருத்தி, மறுவாசிப்பு என்ற சொல்லை வாய் நிறையச் சொல்லிப் பாராட்டினாள். பெரியவர் ஒருவர், "பிள்ளைங்களைத் தூங்க வைக்கிற கதைய எதுக்கு இவ்வளவு தடியா எழுதணும்?" என்றார். கடைசி வரிசையில், மடியில் பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி எழுந்தார். பத்திரிகையில் அறிவிப்பைப் பார்த்துவிட்டு ரெம்பாவிலிருந்து பஸ் ஏறி வந்தவர். "நான் பேசலாங்களா? இந்தச் சின்னம்மா ரொம்ப நல்லவளா இருக்கா. இப்படி ஒருத்தி திடீர்னு வீட்டுக்குள்ள வந்து கட்டிப் புடிச்சு அழுதா, பிள்ளை பயந்து ஓடிடும்" என்றார். அறையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் நன்றி சொல்லி அவர் கொடுத்த முறுக்கையும் தின்றேன்.

கூட்டம் முடிந்து கீழே இறங்கியபோது மழை பிடித்துக்கொண்டது. இருவரும் கடையோரம் ஒதுங்கினோம். பேசாமல் நிற்க முடியவில்லை, "என் நாவல் உங்களுக்குப் பிடிக்கல போல" என்றேன். நான் தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தோட்டத்து மக்களுக்குத் தாதி என்றால் மிஸ்ஸி. "கோச்சுக்காதீங்க மிஸ்ஸி. நான் சின்னம்மாங்க. அதான் பேசிட்டேன்" என்றார். ஆறு வயதுப் பெண் ஒன்று இருந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தவர் அவர். அந்தப் பெண்தான் கலா. தமக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. "மொத ரெண்டு மூணு வருசம் எனக்கு அந்தப் பிள்ளை மேல ஆசையே இல்ல மிஸ்ஸி. சோறு போட்டேன், துணி தொவச்சேன், இஸ்கூலுக்கு அனுப்பினேன். ஆசை வரல. அப்புறம் எப்ப வந்துச்சுன்னு எனக்கே தெரியல. கதையில ஒண்ணு பேயா வர்றா, இல்ல சாமியா வர்றா. அந்த ரெண்டு மூணு வருசத்தை யாருமே எழுத மாட்றீங்க."

அந்த மழை நேரத்தில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. அதன் பிறகு வட்டத்தில் பழங்கதைகளைத் திருப்பி எழுதிய நாவல்களாகப் பார்த்து எடுத்தோம். எடுக்கச் சொன்னது நான், அவர் பேசுவதைக் கேட்பதற்காகவே சொன்னேன். கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த அரக்கனின் கதையை ஒருவர் நாவலாக்கி, அரக்கனுக்கு ஒரு காதல் தோல்வி வைத்திருந்தார். அக்கா அதைப் படித்துவிட்டு, "இனிமே எல்லா அரக்கனும் அழுதுட்டுத்தான் கடிப்பானுங்களா?" என்று கேட்டார். நூறு வருடம் தூங்கும் ராஜகுமாரியின் கதை வந்தபோது, "நல்லா தூங்கட்டும்லா, விடிகாலையில பால்வெட்டுக்கா எழும்பணும்?" என்றார். ரப்பர் மரத்தில் பால் வெட்டியே காலம் கழித்தவர் சொன்னதால் நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "காரணம் சொன்னா எல்லாரும் நல்லவங்களா ஆயிருவாங்களா மிஸ்ஸி? காரணம் இல்லாமலே நல்லவங்களா இருக்கிறதுதான் கஷ்டம்" என்று பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் சொன்னார். விமர்சனம் என்று நான் படித்த எதுவும் இவ்வளவு காலம் மனதில் நின்றதில்லை.

ஒரு முறை அவர் வீட்டுக்குப் போனேன். ரெம்பாவ் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே நீளமாகப் போகும் செம்மண் பாதை. பழைய லயங்களை இடித்துவிட்டு எதிரே கட்டிய சிறிய வீடுகளில் ஒன்று. கணவர் போய்ச் சேர்ந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. பக்கத்து வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தது, மீதியில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள். வானொலியைக் காலையில் திறந்தால் தூங்கப் போகும்போதுதான் மூடுவாராம். "யாராச்சும் பேசிட்டு இருக்கட்டும்னு" என்றார். நானும் என் வீட்டில் அதையேதான் செய்கிறேன். அதை அவரிடம் சொன்னபோது, "அப்ப ரெண்டு பேரும் ஒரே ஆளு பேசுறதத்தான் கேட்டுட்டு இருக்கோம்" என்றார்.

அன்று, லயம் இருந்த வெற்று இடத்தைக் கைகாட்டிச் சொன்னார். "அங்க ஒரு ரம்புத்தான் மரம் இருந்துச்சு. கலாவோட அம்மா வச்சது. காய்ச்சிக் கொட்டும், லயமே வந்து பறிச்சிட்டுப் போகும். நான் ஒரு பழம் தின்னதில்ல. ஒரு நாள் வெட்டிப்போடணும்னு பாராங் கத்திய எடுத்துட்டுப் போயிட்டேன். மரத்தடியில கலா உக்காந்திருந்தா. திரும்பி வந்துட்டேன்." என் நாவலின் சின்னம்மா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது எனக்கு ஞாபகம் வந்தது. தலைகுனிந்து தேத்தண்ணீரைக் குடித்தேன்.

"இத கலாகிட்ட சொல்லணும் மிஸ்ஸி. அந்த ரெண்டு மூணு வருசத்த. மன்னிப்பு கேக்க இல்ல. அவ ஏதோ தன்கிட்டதான் குறைன்னு நெனச்சிட்டு வளந்திருக்கக் கூடாது, அதுக்குத்தான். வாய் வர மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமை பேசுறா, சாப்டியா, மாத்திரை போட்டியா, மழையா, முடிஞ்சிருது." பிறகு சற்று வெட்கத்தோடு, என் நாவலை அவளுக்குத் தபாலில் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். எனக்கு ஆச்சரியம். பிடிக்காத புத்தகத்தை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன். "அவ படிப்பா. படிச்சிட்டு, இது பொய்யி, நீ இப்படியா இருந்தேன்னு கேப்பா. அவ கேட்டா நான் சொல்லிடுவேன். கேக்காம எப்படிச் சொல்றது?"

ஆக, என் நாவலுக்கு அக்கா காத்திருந்த கருத்து ஒன்றே ஒன்றுதான். சொல்லப்போனால் நானும் அதற்காகவே காத்திருக்கத் தொடங்கினேன். ஞாயிறு மாலை அவர் அழைத்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஏதாச்சும் சொன்னாளா?" என்பதுதான். முதல் வாரம், "புத்தகம் கெடச்சிருச்சுன்னா." "அப்புறம்?" "அங்க மழையான்னு கேட்டா." அடுத்து, வேலை அதிகமாம். அடுத்து, மகனுக்குப் பரீட்சையாம். நீங்களே கேளுங்களேன் என்றால் கோபித்துக்கொள்வார். "நான் கேட்டா, நல்லா இருக்குன்னு சொல்லிருவா மிஸ்ஸி. உங்க வாட்சப்பு ஆளுங்க மாதிரி." ஒரு வருடத்துக்குப் பிறகு நான் கேட்பதை நிறுத்தவில்லை, அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். நான் கேட்டதும் சிரித்துவிட்டு அந்த மாத நாவலைத் திட்டத் தொடங்குவார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகப் புரியும். புத்தகம் எழுதிவிட்டு யாராவது ஏதாவது சொல்வார்களா என்று உட்கார்ந்திருப்பவளுக்குப் புரியாமல் இருக்குமா?

திங்கட்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். வட்டத்திலிருந்து வேறு யாரும் வரவில்லை, வேலை நாள், குறை சொல்ல முடியாது. கலாவின் கணவர் காரியங்களைச் செய்தார். உடலை எடுத்துக்கொண்டு ஆண்கள் புறப்பட்டதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். பின்கட்டில் கலா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டிய, கண்ணாடி போட்ட பெண். நான் அருகில் போய் நின்றதும், "நீங்கதானே ஆன்ட்டி அந்தப் புத்தகம் எழுதினது?" என்றாள். ஆமாம் என்றேன். "கோச்சுக்காதீங்க. எனக்கு அது பிடிக்கல."

எப்போது படித்தாய் என்று கேட்டேன். "வந்த ஒடனேயே. ரெண்டு நாள்ல முடிச்சிட்டேன்." ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "அதுல வர்ற சின்னம்மா மொத நாளே கட்டிப் புடிச்சு அழுவுறாங்க. எங்க சின்னம்மா என்னைத் தொடவே ரெண்டு மூணு வருசம் ஆச்சு. எனக்குத் தெரியும்லா, நான் சின்னப் பிள்ளைதான், ஆனா தெரியும். அவங்களுக்கு அப்ப என்னைப் பிடிக்கல. ஆனா ஒரு நாளும் எனக்கு ஆறின சோறு போட்டதில்ல. அப்புறம், மரத்துக்குத் தண்ணி ஊத்துறாங்கன்னு எழுதியிருக்கீங்க. எங்க அம்மா வச்ச ரம்புத்தான் மரத்த வெட்ட சின்னம்மா ஒரு நாள் பாராங்கோட வந்தாங்க ஆன்ட்டி. நான் கீழ உக்காந்திருந்தேன். என்னையே பாத்தாங்க. பேசாம உள்ள போயிட்டாங்க. கொஞ்ச நேரத்துல எனக்குத் தேத்தண்ணி கலக்கி எடுத்துட்டு வந்து வச்சிட்டுப் போனாங்க. வெட்ட வந்தவங்க வெட்டாம போனாங்க. தண்ணி ஊத்துறத விட அது பெரிசில்லையா?"

தேத்தண்ணீரைப் பற்றி அக்கா என்னிடம் சொன்னதே இல்லை. அவருக்கு அது மறந்தே போயிருக்க வேண்டும்.

"ஏம்மா இத அவங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டேன். "எப்படி ஆன்ட்டி சொல்றது? எனக்குன்னு அவங்க தபால்ல அனுப்பின மொத சாமான் அது. இதான் நான்னு சொல்றாங்களாக்கும்னு நெனச்சேன். பிடிக்கலைன்னா அவங்களையே பிடிக்கலைன்ற மாதிரி ஆயிரும்லா. நல்லா இருக்குன்னு பொய் சொல்லவும் வாய் வரல. அதான் மழையான்னு கேட்டுட்டு வச்சிருவேன்."

சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கு ஒரு கணம் தயக்கம் இருந்தது. சொல்லிவிட்டேன். "உங்க சின்னம்மாவுக்கும் அந்தப் புத்தகம் பிடிக்கலம்மா. அந்தத் தேத்தண்ணிய தவிர, நீ சொன்னத எல்லாம் ஏற்கனவே என்கிட்ட சொல்லிட்டாங்க." கலா என்னையே பார்த்தாள். "அப்புறம் எதுக்கு எனக்கு அனுப்பினாங்க?" "நீ பிடிக்கலைன்னு சொல்றதுக்குத்தான்." அவள் சிரிக்கத்தான் தொடங்கினாள். பிறகு, கழுவி வைத்த பாத்திரங்களுக்கு நடுவே ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். வெகுநேரம் நாங்கள் எழுந்திருக்கவில்லை.

நண்பர்களே, அவர் முறுக்கை நீங்கள் நினைவில் வைத்திருங்கள், நல்ல முறுக்குதான். அந்த ரெண்டு மூணு வருடங்களை நான் வைத்துக்கொள்கிறேன். எழுதுவேனா, எழுத வருமா, தெரியாது. எழுதினால் நன்றாக இல்லை என்று சொல்ல எனக்கு இனி ஆள் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை மாலை வானொலி பேசிக்கொண்டிருந்தது, நான் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதாச்சும் சொன்னாளா என்று எத்தனை வாரம் கேட்டிருப்பேன். சொன்னாள் அக்கா, எல்லாவற்றையும் சொன்னாள், நீங்கள் சொன்னதையேதான் சொன்னாள். இதைச் சொல்ல எனக்கு இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.