முழங்கால் உயரத்தில் ஒரு வீடு

என் தம்பியின் வீட்டைக் காலி செய்யப் போய் என் இடுப்பு ஒடிந்துவிட்டது. சின்ன வயதிலேயே அவனுக்கு இரண்டு கால்களும் விளங்காமல் போய்விட்டன. கையை ஊன்றித் தரையில் நகர்ந்துதான் போவான். அதனால் அந்த ஒற்றை அறையில் சுவிட்ச், குழாய், தாழ்ப்பாள், அடுப்பு எல்லாமே முழங்கால் உயரத்தில். கண்ணாடியையாவது மேலே மாட்டியிருக்கக் கூடாதா? முகம் பார்க்க வேண்டுமென்றால் வருகிறவர்கள் உட்காரட்டும் என்பான். திமிர்.

தனியாகப் போகிறேன் என்று அவன் சொன்ன அன்று அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

"நான் இருக்கும்போது நீ எதுக்குடா ஒத்தையா போய்க் கஷ்டப்படணும்?"

"இங்க தண்ணி குடிக்கக்கூட உன்னைக் கூப்பிட வேண்டியிருக்கும்மா."

அந்தக் கோபத்தில் அம்மா அவன் வாசலையே மிதிக்கவில்லை. அவனும் அசரவில்லை. பழுதான மிக்ஸி, மின்விசிறிகளுக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றிக் கொடுத்தான். வாடகை கட்டினான், சமைத்தான். துணி துவைத்துத் தருகிறேன் என்றால் என்னை முறைத்தான். யாராவது தூக்க வந்தால், "நான் என்ன மூட்டையா?" என்று பாய்வான். போன மாதம் காய்ச்சல் வந்தபோதும் வாய் திறக்கவில்லை. மூச்சு முட்டிய பிறகுதான் எனக்குப் போன் செய்தான். ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. அவன்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. யாரிடம் போய்க் காட்டுவது?

எல்லாவற்றையும் பழையபடி மேலே ஏற்றித் தரச் சொல்லிவிட்டார் வீட்டுச் சொந்தக்காரர். எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். அம்மாவையும் கூட்டிப் போக வேண்டியதாயிற்று. முட்டி தேய்ந்து அவளால் நிற்க முடியாது. டீ, தண்ணீர், விளக்கு என்று நாள் முழுக்க என்னைக் கூப்பிட்டு உயிரை வாங்குவாள். ஒரு மூலையில் பாய் போட்டு உட்கார வைத்துவிட்டு, எலக்ட்ரீஷியனுக்கு வெளியே மீட்டர் பெட்டியைக் காட்டப் போனேன்.

திரும்பி வந்தால் டீ வாசனை. அம்மா நகர்ந்து போய் அடுப்பருகே உட்கார்ந்து மூன்று டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் பார்த்துத் தலைகூட வாரியிருந்தாள்.

"சர்க்கரைய எப்படி எட்டுற எடத்துல வெச்சிருக்கான் பாரு," என்றாள். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது. "எதையும் கழட்ட வேணாம்னு சொல்லு. நான் இங்கயே இருந்துக்கறேன்."

"உனக்கென்ன பைத்தியமாம்மா? நான் ஒருத்தி எதுக்கு இருக்கேன்? ஒத்தையா எப்படி இருப்ப?" நான் கத்தியதில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"அங்க தண்ணிக்குக்கூட உன்னையே கூப்பிட வேண்டியிருக்கேடி."

பெற்றதும் சரியில்லை, கூடப்பிறந்ததும் சரியில்லை. நான் யாரோடுதான் மல்லுக்கு நிற்பது?

எலக்ட்ரீஷியன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். "அக்கா, கழட்டவா, வேணாமா?"

"வேணாம்," என்றேன். தம்பி போகிறேன் என்றபோது, எங்கள் வீட்டில் ஒருவர்கூட அவனிடம் சரி என்று சொல்லவில்லை.