இடது கதவு

நாட்டிய நாடகத்தில் நான் முதன்முதலில் ஏற்ற வேடம், கதவு. கதவைத் திறந்துவிடும் பணிப்பெண் என்று நினைத்துவிடாதீர்கள். கதவேதான். அதிலும் முழுக் கதவு என்று பெருமைப்பட வழியில்லை. இரட்டைக் கதவில் இடது பக்கம் மட்டும்.

இதற்குக் காரணம் என் அரைமண்டி. முழங்காலைப் பக்கவாட்டில் மடக்கி அரையாக உட்காரச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் சிலை மாதிரி உட்காருவார்கள். நான் டவுன் பஸ்ஸில் பிரேக் போட்டதும் சாய்கிறவளைப் போலச் சாய்ந்து, பக்கத்தில் இருப்பவளையும் சாய்த்துவிடுவேன். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்த பெரிய டீச்சர், "இவளுக்கு அசையாம நிக்கிற வேஷமா பாத்துக் குடுப்போம்" என்று முடிவுக்கு வந்தார். ஒன்பது வயதில் எனக்கு அரைமண்டியைவிடக் கஷ்டமானது அசையாமல் நிற்பதுதான் என்பது பாவம், அவருக்குத் தெரியவில்லை.

கதை எங்கள் ஊர்க் கதை. பங்குனித் திருவிழாவில் ஸ்ரீரங்கத்துப் பெருமாள் ஆற்றைத் தாண்டி உறையூருக்கு வந்து, கமலவல்லி நாச்சியாரோடு சேர்ந்திருந்துவிட்டுப் போவார். திரும்பிப் போனால் அங்கே அவருடைய தேவியான தாயார் கோபமாக இருப்பார். எங்கே போனீர், விரலில் இருந்த மோதிரம் எங்கே என்று கேள்வி. கதவைச் சாத்திவிடுவார். பெருமாள் முன்னே வருவார், பின்னே போவார், பூவும் வெண்ணெயும் அவர் மேல் வந்து விழும். கடைசியில் ஆழ்வார் நடுவில் நின்று சமாதானம் சொன்ன பிறகுதான் கதவு திறக்கும். கோயிலில் வருஷாவருஷம் நடக்கும் இந்த ஊடலை எங்கள் நாட்டியப் பள்ளி பரதநாட்டியமாகப் போட்டது. ஆக, நாடகமே கதவை நம்பித்தான் இருக்கிறது என்று நான் தெருவில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

நாங்கள் உறையூர்க்காரர்கள். அதனால் ஒத்திகையின் முதல் நாளே எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்க ஊருக்கு வந்ததுல என்ன டீச்சர் தப்பு?"

"கதவு கேள்வி கேக்கக் கூடாது" என்றார் பெரிய டீச்சர். அன்றிலிருந்து எனக்குக் கதவு என்றே பெயர். "ஏ கதவு, தண்ணி குடிச்சியா?" "கதவைக் காணோமே, மறுபடி எங்க போச்சு?"

தாயார் வேடம் என் அத்தைக்கு. அப்பாவின் தங்கை. அந்தப் பள்ளியிலேயே படித்து, அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். கல்யாணமாகி ஸ்ரீரங்கம் போனவர், ஏழு மாதமாக எங்கள் வீட்டில் இருந்தார். "இங்கேருந்து டான்ஸ் கிளாஸ் பக்கம்" என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன். அத்தைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும் உரிமை கிடைத்ததில் காரணத்தை ஆராய எனக்கு நேரமில்லை.

மாமா பாடகர். நாட்டியக் கச்சேரிகளுக்குப் பாடப் போவார். இரண்டு நாள் என்று சொல்லிப் போனால் பத்து நாள் கழித்து வருவார். சண்டை அதனால்தானா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை எனக்கு முழுதாகத் தெரியாது. முதலில் கொஞ்ச நாள் அவரிடமிருந்து ஃபோன் வந்துகொண்டிருந்தது. அத்தை எடுக்கவில்லை. பிறகு ஃபோன் வருவதும் நின்றது. ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா, "நீயா ஒரு தடவ பேசிப் பாரேம்மா" என்றார்.

"ஏன், இந்த வீட்டு வாசல் அவருக்குத் தெரியாதாண்ணா?" என்றார் அத்தை. அப்பா ரசத்தை ஊற்றிக்கொண்டார். நான் இன்னொரு அப்பளம் கேட்டேன்.

நிகழ்ச்சி ஸ்ரீரங்கத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில். மதியமே போய் இறங்கிவிட்டோம். எங்கு பார்த்தாலும் கண் மை, சவுரி, ஊக்கு, மல்லிகைப்பூ. யாரோ யாருடைய நெற்றிச்சுட்டியையோ எடுத்துவிட்டார்கள் என்று அழுகை. கதவுக்கும் மேக்கப் உண்டா என்று கேட்டு நச்சரித்து, கன்னத்தில் ரோஸ் பவுடர் வாங்கிக்கொண்டேன். என் கதவு தெர்மாகோலில் செய்து, மரச்சட்டம் அடித்து, பொன்நிறத் தாள் ஒட்டியது. அதன் பின்னால் நின்றால் என் தலைகூடத் தெரியாது. சலங்கை கட்டிய கால் மட்டும் கீழே தெரியும்.

நான்கு மணிக்குச் செய்தி வந்தது. பாட வேண்டியவருக்குக் காய்ச்சல், குரலே எழவில்லை. பெரிய டீச்சர் யாருக்கோ ஃபோன் செய்தார். அரை மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்து இறங்கியது மாமா!

நான் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினேன். மாமா என்னைத் தூக்கப் பார்த்து, ரோஸ் பவுடர் சட்டையில் ஒட்டும் என்று இறக்கிவிட்டார்.

"உனக்கு என்ன வேஷம்?"

"கதவு மாமா. இடது."

"பாத்து நல்லபடியா தொறந்து விடு கண்ணு" என்றார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரித்த மாதிரி தெரியவில்லை.

அத்தை பாதி அலங்காரத்தில் எழுந்துவிட்டார். "என்னக் கேக்காம எப்படி டீச்சர் கூப்பிட்டீங்க? நான் ஆடல."

"ஆடாட்டிப் போ" என்றார் பெரிய டீச்சர், வெற்றிலையை மடித்தபடி. "கதவு ரெண்டும் வந்து நிக்கிது. அதுங்கள வெச்சே ஒப்பேத்திக்கிறேன்."

நான் நிமிர்ந்து நின்றேன். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு உட்கார்ந்து சலங்கையை எடுத்தார்.

மேடையில் ஒரு பக்கம் தாயாராக அத்தை, மறுபக்கம் பெருமாளாக ஒரு கல்லூரி அக்கா, நடுவில் கதவுகளாக நாங்கள். வலது கதவு எங்கள் கீழ்வீட்டுப் பையன். எதையும் சொன்னபடி செய்கிற ஜாதி. பாட்டுக்காரர்கள் பெருமாள் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்குக் கொடுத்திருந்த உத்தரவு மிகச் சுலபம். பெரிய டீச்சர் கையிலிருக்கும் தாளத்தை ஓங்கி மூன்று முறை தட்டினால் திற. அதுவரை மூடிக்கொண்டு நில், வாயையும் சேர்த்து.

முதல் தடவை கதவைச் சாத்தினோம். கூட்டம் சிரித்தது. இரண்டாம் தடவை, திறப்பதுபோல் காட்டிவிட்டு, நான் ஒத்திகையில் இல்லாத வேகத்தில் அடித்துச் சாத்தினேன். பெருமாள் அக்கா நிஜமாகவே மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கைதட்டல்! அத்தனையும் எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். மூன்றாம் தடவை பூப்பந்துகள் பறந்தன, ஆழ்வார் வந்தார், இரண்டு பக்கமும் போய்ச் சமாதானம் சொன்னார். மாமா, 'வாசலிலே நிற்கிறேன், கதவைத் திறவாயோ' என்ற வரியைப் பாடினார். டீச்சர் தாளத்தைத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

வலது கதவு திறந்தது. நான் திறக்கப் போனேன். அப்போது பின்னாலிருந்து, முகத்தில் தாயாரின் கோபம் துளியும் கலையாமல், உதட்டை அசைக்காமல் அத்தை சொன்னார்:

"தொறக்காதடி."

பிறந்ததிலிருந்து நான் காத்திருந்த நொடி அது. ஒரு பெரிய மனுஷி, என்னைப் பார்த்து, தப்புச் செய் என்கிறார்! சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பாதி திறந்த வீட்டுக்குள் பெருமாள் எப்படி நுழைவார்? அக்கா விழித்தாள். வலது கதவு தான்தான் தப்புச் செய்துவிட்டோம் என்று பயந்து மறுபடி மூடிக்கொண்டது. ஆழ்வாருக்கு வேறு வேலை தெரியாததால் மறுபடி முதலிலிருந்து சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். அபிநயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆடுகிறவர் போதும் என்று காட்டுகிறவரை, பாடுகிறவர் அந்த வரியை விடக் கூடாது. விதவிதமாகத் திருப்பிப் பாடிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தை போதும் என்று காட்டவில்லை. முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். மாமா பாடினார்.

'வாசலிலே நிற்கிறேன், கதவைத் திறவாயோ.' முதலில் பெருமாளுக்குரிய மிடுக்கோடு. பிறகு கொஞ்சம் இறங்கி. பிறகு கெஞ்சலாக. டீச்சர் மறுபடி மூன்று தட்டினார். நான் அசையவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் அசையாமல் நின்றது அன்றுதான். எத்தனை தடவை பாடினாரோ, எண்ணவில்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். மாமா பெருமாளைப் பார்த்துப் பாடவில்லை. பக்கத்தில் மிருதங்கக்காரர் வாசிப்பதை நிறுத்திக் கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். வெறும் குரல் மட்டும் வந்தது. 'வாசலிலே' என்று எடுத்தவர் 'நிற்கிறேன்' என்பதில் தடுக்கி நின்றார். தொண்டையைச் செருமினார். மேலே வரவில்லை.

அத்தை திரும்பினார். "ம்" என்றார்.

'ம்' என்றால் என்ன அர்த்தம்? திறக்கச் சொல்கிறாரா, இன்னும் பிடித்துக்கொள் என்கிறாரா? தெளிவில்லாமல் ஒரு வேலையைச் செய்து கெட்ட பெயர் வாங்க நான் தயாராக இல்லை. வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"அத்தை, தொறக்கலாமா?"

சலங்கைச் சத்தத்துக்காக மேடையில் வைத்திருந்த மைக் என் காலடியில் இருந்தது. கேள்வி மண்டபத்தின் கடைசி வரிசைவரை போய்ச் சேர்ந்தது. ஜனம் வெடித்துச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருவர், "தொறந்து விடும்மா, பாவம் பெருமாள்!" என்று கத்தினார். அத்தையே என் கதவைப் பிடித்து இழுத்தார். கதவு விழுந்தது. அதன் மேல் நான் விழுந்தேன். எங்கள் இருவரையும் தாண்டிக்கொண்டு தாயார் வாசலுக்கு வந்து பெருமாளின் கையைப் பிடித்தார். கீழே கிடந்த எனக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரிந்தது. கையைப் பிடித்தது அக்காவை, பார்த்தது வேறு பக்கம். கூட நடிப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு ஆயிரம் தடவை சொன்னவரே இப்படிச் செய்யலாமா என்று எனக்கு ஒரே வருத்தம்.

திரை விழுந்ததும் பெரிய டீச்சர் என் காதைத் திருகினார்.

"அத்தைதான் டீச்சர் தொறக்காதன்னு சொன்னாங்க!"

"தெரியும். வாய அசைக்காம பேசறதா அவளுக்கு நெனப்பு" என்றவர், திருகிய கையாலேயே என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். ரோஸ் பவுடர் அவர் கையில் ஒட்டிக்கொண்டது. இரண்டில் எது தண்டனை என்று தெரியாமல் நின்றேன். அத்தை பார்த்த தப்பான திசையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நிகழ்ச்சி பார்க்க வந்திருந்த அப்பா, அம்மாவோடு ஊருக்குத் திரும்ப பஸ் ஏறியதும் முதல் ஆளாக ஓடி ஒரு ஜன்னலோர சீட்டில் என் பையைப் போட்டேன். அத்தைக்கு ஜன்னல்தான் பிடிக்கும். பக்கத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். பஸ் கிளம்பிவிட்டது.

"ஐயோ, நிறுத்துங்க! எங்க அத்தை ஏறல!"

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி அப்பாவைப் பார்த்தார். அப்பா, "நீங்க போங்க சார்" என்றார். அம்மா என்னிடம், "அத்தை டிரெஸ் எல்லாம் மாத்திட்டு வருவாங்கடி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரி, மாமாவின் ஸ்கூட்டரில் முந்திக்கொண்டு வந்து அடுத்த ஸ்டாப்பில் ஏறிக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். அம்மா மண்டபம் ஸ்டாப்பில் எட்டிப் பார்த்தேன். வரவில்லை. மாம்பழச் சாலையில் ஒரு பெரியவர் ஏறி, கம்பியைப் பிடித்துத் தள்ளாடியபடி என் பையைப் பார்த்தார்.

"ஆள் வருது தாத்தா" என்றேன். "சத்திரம் பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள ஏறிடுவாங்க."

வயதானவர்களை நிற்கவைத்தால் முதுகில் ஒன்று வைக்கிற அப்பா, அன்று என்னை ஒன்றும் சொல்லவில்லை. தன் இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டார். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. என் பக்கத்தில் காலியாக இருந்த அந்த சீட்டைப் பார்த்துப் பார்த்து அப்பா எதற்காகச் சிரித்துக்கொண்டே வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. சத்திரம் வரும்வரை நான் யாரையும் அதில் உட்கார விடவில்லை.